காப்புக் கட்டிய ஊர்

ஆனந்தமேரி பிரியாணியை நிறுத்திவிட்டாள் என்றால், மாவட்டத்தில் எங்கோ ஒரு கொலைகாரன் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். திண்டுக்கல்லில் இந்தச் செய்தி ஸ்டேஷனுக்குத் தெரிவதற்கு முன்பே பிரியாணிக் கடைகளுக்குத் தெரிந்துவிடும். தாடிக்கொம்புக் கிணற்று வழக்கின்போது இந்த இன்ஸ்பெக்டரம்மா ஒரு கோடைகாலம் முழுக்கத் தயிர்சோறும் நார்த்தங்காயுமாகக் கிடந்தாள். ரயில்வே காலனி விஷ வழக்கில் கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அவள் தட்டில் கறி விழவில்லை. இரண்டிலும் ஆள் பிடிபட்டான். ஒவ்வொரு தடவையும் வழக்கு முடிந்து அவள் கடைக்குள் நுழையும்போது, கல்லாவில் இருப்பவர் எழுந்து நின்று, "ஆளு யாரும்மா?" என்றுதான் கேட்பார். கதையைச் சொன்னால்தான் இலை விழும்.

இந்த முறை அவள் விரதத்தை ஆரம்பித்தபோது சப்-இன்ஸ்பெக்டர் இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், பொணமே கெடைக்கல. ஆளக் காணோம்னுதான் கம்ப்ளைண்டு. அதுக்குள்ள பிரியாணிய விட்டா எப்படி?"

"கெடைக்கும்" என்றாள் ஆனந்தமேரி. விளக்கம் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நத்தம் ரோட்டில் இருக்கிறது ஆவாரங்குளம். அந்த ஊர் அழகுராஜா மாந்தோப்பும் கொஞ்சம் புளியும் வைத்திருந்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோப்புக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. செல்போன் அணைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பைக் திண்டுக்கல் ரயில் நிலைய ஸ்டாண்டில் நிற்பது தெரிந்தது. அவன் தம்பி மலைச்சாமிதான் வந்து அடையாளம் காட்டினான். "கோவக்காரரும்மா எங்கண்ணன். எங்கயாச்சும் ரயிலேறிருப்பாரு. நாலு எடம் சுத்திட்டு வந்துருவாரு" என்று சொல்லி, பைக்கைத் தடவிக்கொண்டே நின்றான். இசைவாணி வழக்கம்போல எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துவைத்தாள்.

ஊரே அதை நம்பியது. ஆனந்தமேரி நம்பவில்லை. ஆவாரங்குளத்தில் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த கயிறு ஏறிவிட்டது. அது ஏறிய பிறகு கறி கிடையாது, கட்டில் கிடையாது, முக்கியமாக ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. சொந்தத் தங்கச்சி பிரசவத்துக்குக்கூடப் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அழகுராஜா கையிலும் அந்தக் கயிறு இருந்தது. காப்போடு ஒருவன் ரயிலேறினான் என்றால் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் சந்தேகத்துக்குப் பாதி பதில் கிடைத்தது. தோப்பு மோட்டார் ரூமில், பழைய சாக்குகளுக்கு அடியில், அழகுராஜாவின் துண்டு இரத்தத்தில் ஊறிக் காய்ந்து விறைத்துப்போய்க் கிடந்தது. கெட்ட காலம், அந்த ரூமின் சாவி அவன் மனைவி நாகஜோதியிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டி.எஸ்.பி. ஆனந்தமேரியைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் நாகஜோதியின் போனுக்கு வந்த அழைப்புகளின் விவரம் விரித்திருந்தது.

"சூசைமாணிக்கம்னு ஒருத்தன். மினிலாரி ஓட்டுறவன். சனிக்கிழமையிலருந்து இந்தம்மாவுக்கு விடாம போன் பண்ணிருக்கான். சாவி இவ கையில. பைக்க ஓட்டிட்டு வந்து ஸ்டேஷன்ல நிறுத்த ஒரு ஆளு வேணும், அவன் டிரைவரு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

நம் ஊரில் ஒரு பெண்ணின் போனில் வேற்று ஆம்பிளையின் பெயர் நாலு தடவைக்கு மேல் தெரிந்தால் போதும். பேப்பர்காரனுக்கும் போலீசுக்கும் வாயில் ஒரே வார்த்தைதான் வரும். மரத்தில் காய் பழுத்துக்கொண்டிருக்கிறது, தோப்புக்காரன் போன் எடுக்கவில்லை, லோடு ஏற்ற வேண்டியவன் வேறு யாரிடம்தான் கேட்பான்? மாங்காய் அழுகும் என்பது அந்த நேரத்தில் ஒரு பயலுக்கும் நினைவு வராது.

"மாங்கா லோடு சார். சீசன்" என்றாள் ஆனந்தமேரி.

"மாங்காவாவே இருக்கட்டும். அவன நேத்தே கொண்டாந்தாச்சு. நாளைக்கு அந்தம்மாவையும் ரிமாண்ட் பண்ணிரணும். எஸ்.பி. கேக்குறாரு, பேப்பர்ல வந்துருச்சு."

"நாளைக்குத் தீச்சட்டி சார். அவ எடுக்குறா. ஊருக்குள்ள வச்சுத் தூக்கினா கல்லடிதான் விழும்."

டி.எஸ்.பி. முட்டாள் இல்லை. கலவரம் என்றால் என்னவென்று தெரிந்தவர். "சரி, எடுத்து முடிக்கட்டும். முடிச்ச கையோட வேன்ல ஏத்துங்க. நீங்க வேற ஆளக் காட்டுனா ஒழிய இதுல மாத்தமில்ல மேரி."

புதன்கிழமை காலை ஆவாரங்குளத்துக்குள் ஜீப் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலை, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ரேடியோ. ஜீப்புக்குப் பின்னால் வந்த வேன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றுகொண்டது. அது யாருக்காக வந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பெண்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு நாகஜோதியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் காதை ஒருவர் தேடினார்கள்.

நாகஜோதி மஞ்சள் சேலையில் கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு வந்தாள். சோறு தண்ணியில்லாமல் முகம் வற்றிப்போயிருந்தது. மணிக்கட்டில் காப்புக் கயிறு அழுக்கேறி இறுகிக் கிடந்தது.

"அவரு எடுக்க வேண்டிய சட்டியும் சேத்து நானே எடுக்குறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன்மா" என்றாள். "எடுத்துட்டா வந்துருவாரு. பெறகு நானே உங்க வண்டியில வந்து ஏறிக்கிறேன். கையப் புடிச்சு மட்டும் இழுக்காதீக."

"துண்டப் பாத்தீல்ல நாகஜோதி?"

"ரத்தம்னா? அருவா பட்டுருக்கும், கை கிழிஞ்சுருக்கும். ஆளப் பாத்தீகளா? பாக்கலயில்ல?" அவள் குரல் உயர்ந்து, உடனே உடைந்தது. "பாக்காம எதுவும் சொல்லாதீகம்மா."

ஆள் செத்துவிட்டான் என்று ஆனந்தமேரிக்குத் தெரியும். இந்தப் பெண் கொல்லவில்லை என்பதும் தெரியும். இரண்டையும் நிரூபிக்க அவளிடம் ஒரு துரும்புகூட இல்லை.

வேறு வழி தெரியாமல் மறுபடியும் மலைச்சாமி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் அவன் மனைவி அய்யம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் முளைப்பாரி தூக்கத் தயாராகிக்கொண்டிருக்க, இவள் மகள் உள்ளே குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன அய்யம்மா, நல்ல நாளும் அதுவுமா?"

"என்னத்தச் சொல்லம்மா. இம்புட்டு நாளா கண்ணுங்கருத்துமா தண்ணி தெளிச்சு வளத்த முளைப்பாரி. எடுக்கக் கூடாதுன்னுட்டாரு இந்த மனுசன். அதப் பக்கத்து வீட்டுல தூக்கிக் குடுத்துட்டாரு. இவரும் வருசந்தவறாம சட்டி எடுக்குறவரு, இந்த வருசம் எடுக்கலயாம். கால்ல ஆணி குத்திருச்சாம்." அய்யம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குரலை ஏற்றினாள். "அப்பனுக்குக் கால்ல ஆணி. புள்ளைக்கு என்னங்குறேன்?"

மலைச்சாமி பின்கட்டிலிருந்து வந்தான். ஒற்றைக் காலில் துணி சுற்றியிருந்தது. வெறும் நிலைக்கு, வேப்பிலை இல்லாத நிலைக்குக் கீழே வந்து நின்றான்.

"வாங்கம்மா. அண்ணனப் பத்தி எதும் தகவல் வந்துச்சா?"

"இல்லப்பா. எங்க உங் கையில காப்பக் காணோம்?"

"அதாம்மா, குளிக்கும்போது அறுந்து விழுந்துருச்சு."

"எப்ப?"

"நேத்து" என்றான். பிறகு கேட்காமலே, "நேத்துத்தான்" என்று இன்னொரு தடவை சொன்னான்.

ஆனந்தமேரி தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். ஜீப் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள். உள்ளே ஏறியதும் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இசை, ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுல எடுத்த போட்டோவக் காட்டு. சீக்கிரம்."

படத்தில் அழகுராஜாவின் பைக். அதன் கைப்பிடிமேல் மலைச்சாமியின் வலது கை. இசைவாணி விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கயிறு கிடந்த இடத்தில் மஞ்சள் தடம் மட்டும் இலேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழமையே இல்ல" என்றாள் இசைவாணி. "துண்டு கெடைச்சதே திங்கக்கெழமைதானே மேடம்? அப்ப அண்ணன் ஊர் சுத்தப் போயிருக்காருன்னுதானே இவன் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்? ஆனா ஒரு கயிறு அறுந்ததுக்குப் பொய் சொல்லுவானா?"

"அறுந்து விழல. அவுத்துருக்கான்."

அவள் அப்பா சவரிமுத்து இறந்த நாள் ஆனந்தமேரிக்கு நினைவு வந்தது. அவர்கள் வகையறாவில் பாதி வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள், பாதி அப்படியே அம்மன் கோயிலோடு நின்றுவிட்டவர்கள். அப்பாவின் சாவுச் செய்தி போனபோது அந்தப் பாதி ஊரில் காப்புக் கட்டியிருந்தார்கள். பெரியப்பா சன்னாசி அப்படியே கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வாசல் வேப்பிலையை உருவி எறிந்துவிட்டு, வீட்டோடு கிளம்பி வந்தார். சட்டி எடுக்கிறவராச்சே பெரியப்பா, உங்களுக்கெதுக்கு இது என்று அவள் அழுகையோடு கேட்டதற்கு, "பங்காளி செத்தா எங்களுக்குந் தீட்டுத்தான்த்தா. நீ சிலுவை போட்டா ரத்தம் மாறிருமா? தீட்டோட ஆத்தா முன்னால போயி நின்னா குடும்பம் வெளங்குமா?" என்றார். கயிறும் வேப்பிலையும் பிள்ளையின் முளைப்பாரியும் ஒருசேர ஒரு வீட்டை விட்டுப் போகிறதென்றால், அந்த வீட்டில் சாவுத் தீட்டு விழுந்திருக்கிறது. பிணம் கிடைக்காத ஊரில், சாவை அறிந்தவன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் போலீசை ஏய்த்துவிட்டான், ஊரை ஏய்த்துவிட்டான், மாரியம்மனை ஏய்க்க மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. சிலுவை போட்ட இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான்.

"தூக்கிருவமா மேடம்?" இசைவாணி இறங்கப் போனாள்.

"எதச் சொல்லித் தூக்குவ? கையில கயிறு இல்லன்னா? ஜட்ஜ் சிரிப்பாரு. நாளைக்கே வக்கீல் வந்து, அறுந்துபோச்சு, நாள மாத்திச் சொல்லிட்டாருன்னுருவான். பொணம் இருக்குற எடத்த அவன் வாயால சொல்லணும்."

போன் அடித்தது. டி.எஸ்.பி. "முடிஞ்சுதா?" என்றார்.

"சட்டி கெளம்புது சார்."

"ஆளோட வாங்க."

கோயில் முன்னால் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. சட்டிகளில் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. கையில் வேப்பிலைக் கொத்தை அணையாக வைத்து, அதன்மேல் சட்டியை ஏந்தியபடி முதல் வரிசையில் நாகஜோதி நின்றாள். அனலில் அவள் முகம் நடுங்குவதுபோலத் தெரிந்தது. மலைச்சாமி கோயில் எல்லைக்கு வெளியே, வேலிக்கல்லுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். ஒரு காலடிகூட உள்ளே வைக்கவில்லை.

ஆனந்தமேரி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பூசாரியிடம் போனாள்.

"சாமி, ஒரு சந்தேகம். காப்பு பாதியில அறுந்துபோனா மறுபடி கட்டிக்கலாமா?"

"தாராளமாக் கட்டலாம்மா. அறுந்தத அப்படியே விடுறதுதான் ஆகாது. ஆருக்கு?"

"மலைச்சாமிக்கு. குளிக்கும்போது அறுந்துருச்சாம். பாவம், யாருகிட்டயும் சொல்லாம ஒதுங்கி நிக்கிறாரு. அண்ணன் வேற காணாமப் போயிருக்காரு. அதனால ஒண்ணும் தோசமில்லையே?"

"காணாமப் போனா என்ன தோசம்? பொணத்தப் பாக்காம தீட்டேது?" பூசாரி கையை உயர்த்தினார். கொட்டு நின்றது. "ஏலே மலைச்சாமி! இங்க வாய்யா. வருசமெல்லாம் சட்டி எடுத்த கை, வெறுங்கையாவா நிக்கிறது?"

கூட்டம் திரும்பியது. பக்கத்தில் நின்றவர்கள் பிரியமாகத்தான் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். "போ மாமா, கட்டிக்க" என்றது ஒரு குரல். மலைச்சாமி வேலிக்கல்லில் ஒரு காலை ஊன்றி எதிர்த்தான், பிறகு உள்ளே வந்து விழுந்தான்.

"கால்ல ஆணி சாமி. சட்டி எடுக்க ஏலாது."

"சட்டி எடுக்க வேணாம்" என்றாள் ஆனந்தமேரி. "காப்பு கையிலதான கட்டுறது? உங்கண்ணன் வந்துருவாருன்னு எங்கிட்ட நீதானய்யா சொன்ன. அவரு வரணும்னு கட்டிக்க."

பூசாரி மஞ்சள் கரைத்த கிண்ணத்தில் புதுக் கயிற்றை நனைத்து எடுத்தார். ஆனந்தமேரி அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் கையை நீட்டி முடிச்சு விழுந்துவிட்டால் கதை முடிந்தது. ஊரறிய, சாமியறிய இவன் சுத்தமானவன் ஆகிவிடுவான். வேன் அங்கேயே நிற்கிறது. அவளிடம் இருந்த ஒரே துருப்பைப் போட்டாயிற்று.

மலைச்சாமி கையை நீட்டவில்லை. சட்டைக்குள் வியர்வை ஓடுவது தெரிந்தது. அப்போதுதான் நாகஜோதி பேசினாள். சட்டியை ஏந்தியபடியே இரண்டடி முன்னால் வந்தாள்.

"கட்டிக்கங்க கொழுந்தனாரே" என்றாள். "ஊரு என்னைய என்ன வேணாச் சொல்லட்டும். நீங்க கூடப்பொறந்தவரு. நீங்க கட்டிக்கிட்டா ஆத்தா மனசு எறங்குவா. அவரு நல்லபடியா வரணும்னு கட்டிக்கங்க."

அவன் கை நீண்டது. யாரோ பிடித்து நீட்டியதுபோல நீண்டது. பூசாரி கயிற்றைச் சுற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். கயிறு ஒரு சுற்று வந்துவிட்டது. பூசாரி முனைகளைச் சேர்த்து, கண்ணை மூடி அம்மன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். ஆனந்தமேரியின் விரல்கள் அவளையறியாமல் கழுத்துச் சிலுவையைப் பற்றிக்கொண்டன.

"வேணாம் சாமி!"

மலைச்சாமி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். கயிறு மண்ணில் விழுந்தது. சுடுகிற பொருளைத் தொட்டவன் மாதிரி மணிக்கட்டை வேட்டியில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கட்டாதீக. எனக்குத் தீட்டு இருக்கு. ஆத்தா கொன்னுருவா, எம் புள்ளையக் கொண்டுபோயிருவா. தீட்டு இருக்கு சாமி."

குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது. பூசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏலே, ஒனக்கு என்னலே தீட்டு? ஆரு செத்தா?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கேட்டு முடித்த பிறகுதான் அது பூசாரிக்கும் உறைத்தது. அவர் கால் பட்டுக் கிண்ணம் சாய்ந்து மஞ்சள் தண்ணீர் பாதத்தில் ஊற்றியது. மலைச்சாமி அப்படியே உட்கார்ந்தான்.

"உரக்குழியில" என்றான் தரையைப் பார்த்து. "கெழக்கத் தோப்பு உரக்குழியில. பிளாட் போடக் குடுத்துருவோம்னு கேட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. மம்பட்டி கையில இருந்துச்சு. அவரு இடுப்புல இருந்த சாவியால மோட்டார் ரூமத் தெறந்து துண்டப் போட்டுட்டு, பைக்க ஸ்டேஷன்ல கொண்டுபோயி விட்டேன். நெனைச்சு அடிக்கல சாமி. நெனைச்சு அடிக்கல."

ஆனந்தமேரி அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். இசைவாணியும் இரண்டு காவலர்களும் ஓடிவந்தார்கள். அய்யம்மாள் எங்கிருந்தோ அலறினாள். பூசாரி கேட்டார், ஊர் கேட்டது, இனி எந்த வக்கீலாலும் இதை மூடிவிட முடியாது. தோப்புக்குப் போய்த் தோண்டினால் போதும். மண் கிளறும்போது தாசில்தார் பக்கத்தில் நிற்க வேண்டும், சூசைமாணிக்கத்தை இப்போதே விடச் சொல்ல வேண்டும் என்று அவள் மனம் மளமளவென்று ஓடியது. உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. வென்றுவிட்ட சூடு.

"மேடம்" என்றாள் இசைவாணி மூச்சு வாங்க, காதோரமாக. "நாளைக்குப் பிரியாணி."

ஆனந்தமேரி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே நிமிர்ந்தபோது நாகஜோதி கண்ணில் பட்டாள்.

அவள் அதே இடத்தில்தான் நின்றாள். சட்டியில் நெருப்பு நெளிந்துகொண்டிருந்தது. இந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் ஆனந்தமேரி இவ்வளவும் செய்தாள். ஆனால் புருஷன் செத்தான் என்ற செய்தி அவளுக்கு இப்படி, இத்தனை பேர் நடுவில், கையில் அவனுக்காக ஏந்திய நெருப்போடு வந்து சேரும் என்பதை ஆனந்தமேரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் செய்திருப்பாளோ என்னவோ. அது அவளுக்கே தெரியவில்லை.

நாகஜோதி சட்டியைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள். சட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. இனி அவள் ஏந்தவும் கூடாது. அந்தப் பெண் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். நாகஜோதி ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, வேலிக்கல்லைத் தாண்டி, மலைச்சாமி நின்றிருந்த அதே இடத்தில் போய் நின்றாள். நின்று, இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவினாள். கிணற்று ஈரத்திலும் வியர்வையிலும் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் பிராண்டிப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். வரவில்லை.

ஆனந்தமேரி மலைச்சாமியை இசைவாணியிடம் விட்டுவிட்டு அவளிடம் போனாள். நாகஜோதி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் அவுத்து விடுங்கம்மா" என்றாள். "அவரு போயிட்டாரு. தீட்டோட நான் இதக் கட்டிருக்கக் கூடாது."

ஆனந்தமேரி இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முடிச்சைத் தேடினாள். கண் மறைத்தது. அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று.